கொத்தனார் வீட்டு ஓட்டை

பூமி குலுங்கியது மொத்தம் பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியில் விழுந்த சுவரை வந்து பார்க்க அரசாங்கக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஐந்து மாதம் போதவில்லை.

விழுந்தது கொத்தனார் வீட்டுச் சமையலறைச் சுவர். இடுப்பு உயரம் வரைக்கும் அப்படியே நின்றது. அதற்கு மேலே ஆறடி அகலத்துக்கு, நாலடி உயரத்துக்கு ஓட்டை. ஓட்டைக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்.

ஊரில் கொத்தனாருக்குத் 'தூக்குக்குண்டு' என்று பட்டப்பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, "இந்த மூலை அரை இஞ்ச் வெளிய தள்ளியிருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. தினம் ஒரு வீடு, தினம் ஒரு சுவர். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருந்தது. காப்பீடு எடுக்காதவர்கள் வீடெல்லாம் இரண்டே மாதத்தில் எழுந்து நின்றுவிட்டன. பன்னிரண்டு வருஷம் ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் வீடு மட்டும் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

காரணம், படிவத்தின் ஏழாவது விதி. 'மதிப்பீட்டாளர் நேரில் பார்வையிடும்வரை சேதமடைந்த பகுதியைச் சரிசெய்யவோ, மறைக்கவோ, மாற்றவோ கூடாது.'

மறைக்கவோ என்பதை யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வீடு தள்ளி இருந்த இஸ்திரிக்காரர், மழை அடிக்கிறதே என்று தன் வீட்டு ஓட்டையில் ஒரு தார்ப்பாயைக் கட்டினார். அதிசயமாக அந்த வாரமே, அவர் வீட்டுக்கு மட்டும் மதிப்பீட்டாளர் வந்தார். தார்ப்பாயைப் பார்த்தார். 'சேதம் எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு தெருவில் ஒரு துணிகூட ஓட்டைக்குப் பக்கத்தில் காயவில்லை.

கொத்தனாருக்குச் சுவர் ஒரு விஷயமே இல்லை. அரை நாள் வேலை. அவர் கவலையெல்லாம் பின்னறைக் கூரை. கான்கிரீட் தளத்தில் கை நுழையும் அளவுக்கு விரிசல். கீழே நாலு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட அவருடைய இரண்டு வருஷச் சம்பாத்தியம் வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் ஒரே விண்ணப்பம். சுவரைத் தொட்டால் கூரைக்கான பணமும் போச்சு.

எனவே தொடவில்லை.

அவர் தொடவில்லை, ஊர் தொட்டது. பஸ் வரத் தாமதமாகும்போதெல்லாம் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குக் கொத்தனார் வீட்டுச் சமையலறைதான் பொழுதுபோக்கு.

"அக்கா, வெங்காயம் கருகுது பாருங்க!"

"அடுப்பைக் கொஞ்சம் குறைச்சு வைங்கக்கா!"

"நேத்தும் இதே சேலைதானே கட்டியிருந்தீங்க?"

கொத்தனார் மனைவி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலையில் இருப்பவள். நாள் பூராவும் ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே பிழைப்பு. நாலு மாதத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் தெருவைக் கடந்து வந்து, பையை அரைச்சுவர் மேல் வைத்து, "ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை கம்மியா" என்றார்.

அதில் அவளுக்குக் கோபமில்லை. பக்கத்தில் நின்ற கொத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதுதான் தப்பு.

"சிரிக்கிறீங்களா? ஊர்ல இருக்கிற சுவரையெல்லாம் எழுப்பிட்டு வர்றீங்க. கட்டினவளுக்கு ஒரு சுவர் இல்ல!"

"நான் என்னம்மா பண்றது? விதி ஏழு..."

"விதியோட குடும்பம் நடத்துங்க. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். சுவர் எழுந்த அன்னைக்கு வர்றேன்."

போயே போய்விட்டாள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் குறைந்தால் பாதி வீடு காலி.

ஆனால் முழுதாகவும் போய்விட முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போக, இதே ஸ்டாப்பில் இறங்கித்தான் வேறு பஸ் பிடிக்க வேண்டும். தினம் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு எதிரே வந்து நிற்பாள். நின்றால் கண் சும்மா இருக்குமா?

"என்னங்க! அது கொதிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? இறக்குங்க!"

"உள்ள வந்து சொல்லேன்."

"உள்ளேன்னு ஒண்ணு இருந்தா வரமாட்டேனா? எங்க உள்ளே, எங்க வெளியேன்னே தெரியலையே!"

ஸ்டாப் மொத்தமும் சிரிக்கும். அவள் சிரிக்காமல் பஸ் ஏறுவாள்.

கொத்தனார் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே நாலாம் எண் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னால் இருந்த சுவரிலும் மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு விரிசல். அதை மூன்று பீரோக்கள் தாங்கிக்கொண்டிருந்தன.

"உங்க மனு திரும்பி வந்திருக்குங்க. படத்துல சுவர் இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"மேடம், சுவர் இல்லைன்னுதானே மனுவே?"

"அது சரி. ஆனா விழறதுக்கு முன்னாடி சுவர் இருந்ததுக்கு ஒரு படம் வேணுமாம்."

யார் சொந்தச் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள்? வீட்டிலிருந்த படங்களையெல்லாம் கொட்டித் தேடியதில், சகலை ஒருவர் சமையலறையில் தட்டோடு நிற்கும் படம் அகப்பட்டது. அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

"இதுல சுவரை விட இவர்தான் நிறைய தெரியறார்" என்றார் அந்த அம்மாள்.

"ஆள் கொஞ்சம் அகலம் மேடம். ரெண்டு பக்கமும் மிச்சம் தெரியுது பாருங்க, அதான் சுவர்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நல்ல மனுஷி. வாங்கி வைத்துக்கொண்டார்.

"மதிப்பீட்டாளர் எப்ப வருவார்?"

"அதுக்குப் போன் பண்ணித்தான் கேக்கணும். மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு."

"இங்கதானே மேடம் போன் வரும்? நேர்ல நிக்கிறேனே?"

"நேர்ல கேட்டா எனக்குத் தெரியாது. போன்ல கேட்டா மேலே இருக்கிறவங்களுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சுவருக்கு நாங்களும் மனு போட்டிருக்கோம். நாங்களும் போன்தான் பண்றோம்" என்றார்.

கொத்தனார் அந்த விரிசலை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கை அரித்தது. தூக்குக்குண்டைச் சட்டைப் பைக்குள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மனைவி போய் நாற்பதாவது நாள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் போனைப் போட்டார். பதிவு செய்த பெண் குரல் இனிமையாகப் பேசியது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். உங்களுக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் காத்திருக்கிறார்கள்." பிறகு ஒரு குழல் இசை. பிறகு மறுபடி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டு அரைச்சுவர் மேல் வைத்தார். பக்கத்தில், விழுந்த செங்கற்கள் குவியலாகக் கிடந்தன. சும்மா உட்கார்ந்திருப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஒரு கல்லை எடுத்தார். அதில் பழைய சாந்து ஒட்டியிருந்தது. கொத்துக்கரண்டியால் சுரண்டினார். சுரண்டினால் என்ன? அது பழுதுபார்ப்பது ஆகாதே. இன்னொரு கல். இன்னொன்று.

"உங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டு பேர்."

கற்கள் சுத்தமாக அடுக்காகிவிட்டன. முற்றத்தில், இன்று அவர் போகவேண்டியிருந்த வேலைக்கென்று வாங்கிய மணலும் சிமென்ட்டும் இருந்தன. குழல் இசை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இந்த நாலாம் எண் அம்மாளிடம் சகலையின் படத்துக்கு ரசீது வாங்கினோமா என்று யோசித்தார். வாங்கவில்லை. படம் தொலைந்துவிட்டால்? இன்னொரு படத்துக்கு எங்கே போவது? கூரை அடுத்த மழையைத் தாங்குமா? மேலே இருக்கிறவர்கள் என்றாரே, எவ்வளவு மேலே?

மனசு இப்படி எங்கெங்கோ அலைந்துகொண்டிருக்க, கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் பழகிய கை. அதற்கு உத்தரவு தேவையில்லை. நூல் கட்டியது. கலவை போட்டது. கல் வைத்தது. தட்டியது. வழிந்த சாந்தை வழித்தது. அடுத்த கல்.

"உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர்."

ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்தியாக இருந்தது. ஏன் திருப்தி என்று யோசிக்கவில்லை.

ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு இசை நின்றது. உயிருள்ள ஒரு குரல், "வணக்கம், சொல்லுங்க" என்றது. கொத்தனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மனு எண்ணைச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வர்றாருங்க. எதையும் தொடாம அப்படியே வச்சிருங்க."

"ஆகட்டும் சார், அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கொத்தனார் திரும்பினார்.

எதிரே பஸ் ஸ்டாப் இல்லை. சுவர் இருந்தது. அதுவும் சாதாரணச் சுவரா? வரி வரியாக, நூல் பிடித்த மாதிரி, இணைப்பெல்லாம் தேய்த்து மெழுகி, அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே அழகான சுவர்.

"சார்?" என்றது போன்.

"ஒண்ணுமில்ல சார்" என்று வைத்துவிட்டார்.

சாந்து இன்னும் ஈரம். கையால் எடுத்தாலே கல் கல்லாக வந்துவிடும். அரை மணி நேரத்தில் பழையபடி ஓட்டை. இதைக் கணக்குப் போட்டு அவர் முதல் கல்லில் கை வைப்பதற்கும், வாசல் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

அவள்தான். ஐந்தேகால் பஸ்.

வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் வந்தவள், சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் தெருச் சத்தம் இல்லை.

"நான் ஏதோ கோபத்துல சொன்னேன்" என்றாள். "நீங்க நிஜமாவே கட்டுவீங்கன்னு நினைக்கல. காப்பீடும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எனக்காக..."

கொத்தனார் கல்லிலிருந்து கையை எடுத்தார். உலகத்தில் எந்தப் புருஷன் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான்?

அவள் போனை எடுத்து, "அண்ணே, என் பையைக் குடுத்தனுப்பு. நான் எங்க வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. விஷயத்தைச் சொன்னார். அவள் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"அப்ப எனக்காகக் கட்டல?"

"கை கட்டிடுச்சும்மா."

"யார் நினைப்புல?"

"ஆபீஸ் நினைப்புல" என்று உளறிவிட்டார்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக, "ஒரே ஒரு மணி நேரம். அவர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கட்டிடறேன்" என்றார்.

"இந்த ஆபீஸோட ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு வரலேன்னா? இன்னும் அஞ்சு மாசம் நான் டீக்கடை நடத்தணுமா? இந்தச் சுவர்ல கை வச்சீங்க, நான் போறது இந்தத் தடவை அண்ணன் வீட்டுக்கு இல்ல, அக்கா வீட்டுக்கு!"

அக்கா வீடு ஆறு மணி நேரப் பயணம். அங்கே போக இந்த ஸ்டாப்பில் பஸ் மாற வேண்டியதில்லை.

மறுநாள் மதிப்பீட்டாளர் பத்து மணிக்கே வந்துவிட்டார். கக்கத்தில் குடை, தோளில் பை, கையில் அளவு நாடா. ஒல்லியான மனுஷர். தூங்கி ஒரு வாரம் ஆன முகம். சமையலறைக்குள் வந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்கேம்மா ஓட்டை?"

"இல்லீங்க" என்றாள் அவள், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

"மனுவுல இருக்கே?"

"இருக்கும். அஞ்சு மாசம் முன்னாடி எழுதினது."

மதிப்பீட்டாளர் அவளைத் தாண்டிச் சுவரை விரலால் தொட்டார். ஈரம் ஒட்டியது. கொத்தனாரைப் பார்த்தார்.

"உங்க ஆபீசுக்குப் போன் போட்டுட்டுக் காத்திருந்தேன் சார். கை சும்மா இருக்கல."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம் அஞ்சு நிமிஷம்."

"பரவாயில்லையே, சீக்கிரம் எடுத்துட்டாங்க" என்றார் மதிப்பீட்டாளர், நிஜமான ஆச்சரியத்தோடு. பிறகு பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். "நான் பார்த்ததைத்தாங்க எழுத முடியும். ஓட்டையைப் பார்த்தா ஓட்டைன்னு எழுதுவேன். சுவரைப் பார்த்தா சுவர்னு எழுதுவேன். பின்னறைக் கூரையும் இதே மனுவுலதான் இருக்கு. இதுல சரிசெஞ்சாச்சுன்னு எழுதினா மொத்தமும் மூடிடுவாங்க. என் பஸ் பத்து அம்பதுக்கு. நீங்கதான் சொல்லணும்."

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் விரித்துச் சுவரை மறித்து நின்றாள். பின்னறையில் முட்டு நாலும் நின்றன. கூரைக்கு இரண்டு வருஷம். அவளுக்கு?

"எழுதிக்கங்க சார்" என்றார். "சுவர் இருக்குன்னே எழுதிக்கங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. பெரிய தொகை."

"கூரையை நான் எப்படியோ பார்த்துக்கறேன். ரெண்டு வருஷம் ஆகும், ஆகட்டும். இவ போய் நாப்பது நாள் நான் பட்டது போதும். தெருவுல நின்னு 'இறக்குங்க, இறக்குங்க'ன்னு கத்துவா. இறக்குவேன். இறக்கி வச்சு, யாரோட சாப்பிடறது?"

மதிப்பீட்டாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"மூடுங்க சார் அதை" என்றாள் அவள்.

கையைக் கீழே இறக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். திரும்பி, மேல் வரியில் இருந்த முதல் கல்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்து உருவினாள். அந்தச் சின்னச் சந்து வழியாக வெளிச்சமும், "பஸ் வருதா?" என்ற குரலும் உள்ளே வந்தன.

"ஒரு மணி நேரம்தான். பார்க்கறவங்க பார்த்துட்டுப் போகட்டும்."

"ஏம்மா, நீதானே..."

"பேசிட்டு நிக்காதீங்க. அவருக்குப் பத்து அம்பது பஸ்."

அதன் பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. கொத்தனார் கல்லை உருவிக் கொடுக்க, மனைவி வாங்கி அடுக்கினாள். நேரம் போதாது என்று தெரிந்ததும் மதிப்பீட்டாளர் குடையை மூலையில் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் இறங்கினார். தான் பார்வையிட வேண்டிய சேதத்தைத் தானே கையால் உண்டாக்கிய மதிப்பீட்டாளர் அந்த இலாகாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"மெல்ல சார், மெல்ல! முனை உடையுது!" என்று கொத்தனார் பதறினார்.

"என்னக்கா, கட்டினதை இடிக்கிறீங்க?" என்றது பஸ் ஸ்டாப்.

"அரசாங்கம் பார்க்கணுமாம்!" என்றாள் அவள். "சும்மா நிக்கிறதுக்கு வந்து ரெண்டு கல்லு வாங்கேன்!"

நாலு பேர் தெருவைக் கடந்து வந்தார்கள்.

பத்து நாற்பதுக்கு ஓட்டை பழையபடி ஆனது. மதிப்பீட்டாளர் நாடாவைப் பிடித்து அளந்தார். ஆறடி, நாலடி. ஓரத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "நிலநடுக்கத்துல இவ்வளவு ஒழுங்காவா இடியும்?"

"எனக்கு வேற மாதிரி இடிக்க வராது சார்" என்றார் கொத்தனார்.

"சரி விடுங்க. ஓரம் எப்படி இருக்குன்னு படிவத்துல கேக்கல." பின்னறைக்குப் போய்க் கூரை விரிசலைப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

"பணம் எப்ப சார் வரும்?"

"அது வேற பிரிவு. போன் பண்ணித்தான் கேக்கணும்" என்று சொன்னவர், கொத்தனாரின் கையையும் செங்கல் அடுக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போன் பண்றப்ப வேற எங்கயாவது உக்காந்துக்கங்க" என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

மத்தியானம் கொத்தனார் மறுபடி கலவை போட்டார். இந்தத் தடவை முழு நினைவோடு. ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் கல் எடுத்துக் கொடுத்தாள். சுவர் அவள் கழுத்து உயரத்துக்கு வந்தபோது, "நிறுத்துங்க" என்றாள்.

"என்ன?"

"இங்க ஒரு ஜன்னல் விடுங்க."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "ஜன்னலா? அஞ்சு மாசமா தெரு பார்க்குதுன்னுதானே இத்தனை அமர்க்களம்?"

"அவங்க பார்த்தது போதும். இனிமே நான் பார்ப்பேன். தோணினா திறப்பேன், தோணலேன்னா சாத்துவேன்."

"கழுத்து உயரத்துல வச்சா எக்கிப் பார்க்கணும். ரெண்டு வரி எடுத்துட்டு வைக்கலாம். ஆனா ஆபீஸ் படத்துல ஜன்னலே இல்லையே? நாளைக்கு யாராவது வந்து கேட்டா?"

"வரட்டும். அவங்க வர்றதுக்குள்ள ஜன்னலுக்கே நரைச்சுடும்."

கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.

இரண்டு வரிக் கல்லை உருவிக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு அகலம் வேணும்?" என்றார்.

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கொத்தனார் நாடாவை எடுக்கவில்லை. அவள் கையை இறக்குவதற்குள், விரல் நுனிகளுக்கு நேராக இந்த ஓரத்தில் ஒரு கல்லும் அந்த ஓரத்தில் ஒரு கல்லும் வைத்தார்.